நல்லா இருக்குன்னு நான் சொன்ன தொப்பி

இன்னைக்கு மொத தடவையா வந்திருக்கிறவங்க கொஞ்சம் முன்னால வந்து உக்காருங்க. இது நாங்க நானான்னு கூப்பிடுற பாரூக் அண்ணனோட ஹார்டுவெயார் கடை மாடி. கீழ தகரம் வெட்ட ஆரம்பிச்சாங்கன்னா நான் பேசுறது பின்னால கேக்காது. டீ வரும், அவசரப்படாதீங்க.

ஒவ்வொருத்தரும் மடியில ஒரு பைய வச்சு அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க. உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. வேலை முடிஞ்சு வந்து, லீவு நாள்ல, வீட்டுல திட்டு வாங்கிக்கிட்டே செஞ்ச பொருள்னு மட்டும் தெரியும். ஹட்டன் டவுன்ல மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை நாங்க இங்க கூடுறதே அதுக்குத்தான். சொந்தமா எதையாவது செய்றவங்க கொண்டு வந்து மேசையில வைப்பாங்க. மத்தவங்க தொட்டு, கழட்டி, மாட்டிப் பார்த்து, இருக்கிறத இருக்கிறபடி சொல்லணும். போனுக்குள்ள ஓடுற புரோகிராமும் வந்திருக்கு, மலையிலேருந்து பீலியில விழுற தண்ணியில சுத்துற மோட்டாரும் வந்திருக்கு. பூண்டுலோயாவுலேருந்து ஒரு மாஸ்டர் தானா மூடுற கோழிக்கூட்டுக் கதவு கொண்டு வந்தாரு. அது கோழியை விட்டுட்டு நானாவோட விரலத்தான் மொதல்ல பிடிச்சுச்சு.

இந்த மாடியில ஒரு சட்டம் இருக்கு. "நல்லா இருக்கு"ன்னு மட்டும் சொல்லிட்டு யாரும் உக்காரக் கூடாது. எது நல்லா இருக்கு, எது நல்லா இல்ல, ரெண்டையும் விரல் வச்சுக் காட்டணும். இந்தச் சட்டத்தப் போட்டது நான். ஏன் தெரியுமா? அந்தத் தப்ப இந்த மேசையில எல்லாரையும் விட மோசமாப் பண்ணவளும் நான்தான். அதைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

என் பேரு ஜெயா. இங்க எல்லாருக்கும் ஜெயாக்கா. கார்மன்ட் பெக்டரியில இருபத்தாறு வருசம் செக்கரா இருந்து ரிட்டயர் ஆனவ. செக்கர்னா, தச்சு வர்ற துணியில குறை கண்டுபிடிக்கிறதுதான் நாள் பூராவும் வேலை. தையல் விட்டிருக்கா, காலர் கோணியிருக்கா, பட்டன் ஆடுதான்னு பார்க்கணும். குறை இருக்கிற எடத்துல சின்னதா ஒரு செவப்பு அம்பு ஸ்டிக்கர ஒட்டித் திருப்பி அனுப்பணும். அந்த மாதிரி ஸ்டிக்கர் தாளு இன்னமும் என் ஹேண்ட்பேக்ல இருக்கும். பழக்கம், விட முடியல.

சேர்ந்த புதுசுல ஒரு நாள், என்கூட போர்டிங்ல இருந்த புள்ள தச்ச கொழந்தைச் சட்டை ஒண்ணு என் மேசைக்கு வந்துச்சு. தோள்ல தையல் விட்டிருந்துச்சு. அன்னைக்கு அவளுக்கு நெறைய துணி திரும்பிப் போயி, மெசின்ல குனிஞ்சு அழுதுக்கிட்டிருந்தா. நான் கண்ண மூடிக்கிட்டு நல்ல கட்டுல சேர்த்துட்டேன். எங்க சுப்பவைசர் ஒரு சிங்கள அக்கா. அவங்க கையில அது மாட்டுச்சு. திட்டுவாங்கன்னு பார்த்தேன், திட்டல. என்னைய அந்தப் புள்ளகிட்டயே கூட்டிட்டுப் போயி, தையல் எங்க விட்டிருக்குன்னு என்னையே காட்டச் சொன்னாங்க. அப்பறம் சிங்களத்துல மெதுவா ஒண்ணு சொன்னாங்க. நம்ம பேச்சுல சொன்னா, "அம்ப துணியில ஒட்டு, ஆள் மேல ஒட்டாத. ஆள் அழுவுறான்னு துணியில ஒட்டாமலும் விட்டுறாத." அதுக்கப்பறம் அந்த விசயத்துல நான் தவறல, பெக்டரிய விட்டு வெளிய வர்ற வரைக்கும்.

இப்ப சுகந்தி கதைக்கு வர்றேன்.

சுகந்தி டயகம பக்கம் ஒரு தோட்டத்துப் புள்ள. டவுன்ல கொமினிகேஷன் கடையில போட்டோ கொப்பி எடுக்கிற வேலை. அம்மா பார்வதி, தோட்டத்துல கொழுந்து எடுக்கிறவங்க. அப்பா இல்ல. இந்த மாடிக்கு அவ மொத தடவ வந்தப்போ, பஸ் எங்க வருதுன்னு போன்ல காட்டுற ஒரு புரோகிராம் செஞ்சு கொண்டு வந்தா. கம்ப்யூட்டர் படிச்ச ஒருத்தர் அன்னைக்கு வந்திருந்தாரு. ரெண்டு நிமிசம் தட்டிப் பார்த்துட்டு, "இது வேலைக்காகாது. ஒனக்கு எதுக்குத் தங்கச்சி இதெல்லாம்"னு சொன்னாரு. புரோகிராம்ல குறை இருந்தது நெசம். அவரு அம்ப ஒட்டினது புள்ள மேல. சுகந்தி போன பைக்குள்ள வச்சுக்கிட்டு எறங்கிப் போயிட்டா. ஒரு வருசம் இந்தப் பக்கம் வரல. நான் அந்தக் கடைக்குப் போயி தேவையே இல்லாம கொப்பி எடுத்து எடுத்து, திரும்பி வாம்மா வாம்மான்னு கெஞ்சியிருக்கேன்.

அப்பறம் வந்தா. கையில ஒரு தொப்பி.

குளவிக்குச் செஞ்ச தொப்பி அது. மலையில குளவி கலைஞ்சா என்ன ஆகும்னு இங்க யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. பார்வதியோட மலையில கூட வேலை செஞ்ச ஒரு அம்மா குளவி கொட்டியே செத்துப் போயிட்டாங்க. அந்த வாரமே இவ தைக்க ஆரம்பிச்சிருக்கா. அகலமான விளிம்பு வச்ச தொப்பி, அத சுத்தி நைலோன் வலை. சும்மா இருக்கிறப்போ வலைய மேல மடிச்சு வச்சுக்கலாம். குளவி வந்தா கீழ எறக்கி, கழுத்துக்குப் பின்னால கயித்த முடிச்சுப் போட்டுக்கணும். தையல் அவ்வளவு நேர்த்தி. ஒவ்வொரு கண்ணியையும் கையால பிடிச்சுத் தச்சிருந்தா.

நான் அத வாங்கித் தலையில போட்டேன். வலைய எறக்கினேன். கையப் பின்னால கொண்டு போயி முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். அந்த எடத்துலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கொழுந்து எடுக்கிறவங்களுக்குத் தலையில கூடைக் கயிறு இருக்கும். ரெண்டு கையும் செடியில இருக்கும். விரல் நனைஞ்சிருக்கும். கூடைய எறக்கி, வலைய எறக்கி, பின்னால தடவி முடிச்சுப் போடுறதுக்குள்ள குளவி உள்ள வந்துரும். வந்தா வெளிய போக வழியில்ல, வலை இருக்கே. இதெல்லாம் யோசிக்கக் கூட இல்ல, என் விரலே சொல்லிருச்சு.

நிமிர்ந்து பார்த்தா, சுகந்தி என் மொகத்தையே பார்த்துக்கிட்டு நிக்கிறா. ஒரு வருசம் கழிச்சு வந்த புள்ள. நான் சொன்னேன், "ரொம்ப நல்லா இருக்கும்மா."

மாடியில இருந்த அத்தனை பேரும் கை தட்டினாங்க. ஜெயாக்காவே சொல்லிட்டாங்கன்னா அப்பறம் என்ன. அவ அழுதுட்டா, சந்தோசத்துல. நானும் வீட்டுக்கு நல்ல மனசோடதான் போனேன், அதையும் மறைக்காம சொல்றேன். ஒரு புள்ளைய காப்பாத்திட்ட மாதிரி இருந்துச்சு எனக்கு.

சுகந்தி அஞ்சு தொப்பி தச்சு, ஒண்ணு அம்மாவுக்கும் நாலு அம்மாகூட வேலை செய்றவங்களுக்கும் குடுத்தா. கொஞ்ச நாள் கழிச்சு ஒரு காலையில, மலையில மரத்துக் கொப்பு முறிஞ்சு விழுந்து கூடு கலைஞ்சிருச்சு.

பார்வதியக் கொழுந்து லொறியிலதான் ஏத்திட்டு வந்திருக்காங்க. எனக்கு போன் பண்ணது சுகந்தி வேலை செய்ற கடைக்காரரு. நான் டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பார்வதிக்கு மொகம், கழுத்தெல்லாம் வீங்கி, உள்ள வச்சிருந்தாங்க. இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது, ரெண்டு நாள் பார்க்கணும்னு சொல்லிட்டாங்க. சுகந்தி வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தா. மடியில அந்தத் தொப்பி. நனைஞ்ச முடிச்ச யாராலயும் அவுக்க முடியாம கயித்தக் கத்திரிச்சிருந்தாங்க. முடிச்சு அப்படியே இருந்துச்சு, முழுசா விழாம பாதியில சிக்கி எறுகிப்போயி.

நான் பக்கத்துல உக்காந்தேன். அவ தொப்பியத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டே கேட்டா, "நான் எங்கக்கா தப்புப் பண்ணேன்?"

தம்பி தங்கச்சிங்களே, இந்த எடத்த நல்லா கேட்டுக்கோங்க. அந்த நேரத்துல என் வாய்க்கு வந்த வார்த்தை, "ஒன் மேல ஒரு தப்பும் இல்லம்மா, குளவி வந்தா யாரு என்ன பண்ண முடியும்"கிறதுதான். நாக்கு நுனியில நின்னுச்சு. சொல்லியிருந்தா என் தோள்ல சாஞ்சு அழுதிருப்பா. நானும் நல்லவளாவே இருந்திருப்பேன். ஆனா அவ அடுத்த தொப்பியும் அப்படியேதான் தைப்பா. அந்தச் சிங்கள அக்கா மொகம் எனக்கு முன்னால வந்துச்சு.

"முடிச்சும்மா"ன்னு சொன்னேன். "பின்னால வச்ச முடிச்சு. கூடைக் கயித்தோட, ஈரக் கையோட அதப் போட முடியாது. அன்னைக்கு மாடியிலயே நான் பார்த்தேன். சொல்லல."

அவ தொப்பியத் திருப்புறத நிறுத்தினா. "பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"ஏன்க்கா சொல்லல?"

"நீ திரும்பவும் வராமப் போயிருவியோன்னு பயந்துட்டேன்."

அவ தொப்பிய பெஞ்சுல வச்சா. அப்பறம் வார்டு கதவப் பார்த்துக்கிட்டே கேட்டா, "எங்கம்மா வராமப் போயிட்டா என்னக்கா பண்றது?"

அவ எழும்பிப் போயி அந்தப் பக்கத்துப் பெஞ்சுல உக்காந்துக்கிட்டா. அந்த ரெண்டு நாளும் நான் ஆஸ்பத்திரியிலதான் இருந்தேன், அவ என்னையத் திரும்பிப் பார்க்கல. மூணாவது நாள் பார்வதி கண்ணு தொறந்து கஞ்சி கேட்டாங்கன்னு கேள்விப்பட்டு, வாசல்ல நின்னே கும்பிட்டுட்டு வந்துட்டேன்.

பார்வதி வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் போனப்பறம் தோட்டத்துல அவங்க இருக்கிற லயத்து வீட்டுக்குப் போனேன். சுகந்தி வேலைக்குப் போயிருக்கிற நேரமாப் பார்த்துத்தான் போனேன், தைரியம் இல்ல. பார்வதி அடுப்படியில உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தாங்க. மொகத்துல கருப்புக் கருப்பா தடம். என்னையக் கண்டதும் எழும்பப் பார்த்தாங்க, வேணாம்னு பிடிச்சு உக்கார வச்சுட்டு, வந்த விசயத்தச் சொல்லிட்டேன். குறைய நான் பார்த்தேன், மறைச்சேன், நீங்க இப்படிக் கெடந்ததுக்கு நானும் காரணம்னு.

அவங்க கோவப்படல. வெங்காயத்தக் கீழ வச்சாங்க. "கயிறு சரியில்லேன்னு எனக்கும் தெரியும்ங்கக்கா"ன்னாங்க. "மொத நாளு மலையிலயே போட்டுப் பார்த்தேன். முடிச்சு வரல. புள்ள கண்ணு வலிக்க வலிக்கத் தச்சிருக்கு. எப்படிங்க போயி சரியில்லேன்னு சொல்றது? நல்லா இருக்குடீன்னு சொல்லிட்டேன்."

அவங்க கீழ வச்ச வெங்காயத்த நான் எடுத்து உரிக்க ஆரம்பிச்சேன்.

"மத்த நாலு பேரு போட்டாங்களா?"ன்னு கேட்டேன். பார்வதிக்குச் சிரிப்பு வந்துருச்சு. பக்கத்து வீட்டு அம்மாவக் கூப்பிட்டுக் கொண்டு வரச் சொன்னாங்க. பொலித்தீன் பையில சுத்தி, ஓரத்துல மஞ்சள் வச்சு, தொப்பி அப்படியே புதுசா இருக்கு. "தங்கச்சி ஆசையா குடுத்துச்சுங்க. மழையில நனைஞ்சா கெட்டுப் போயிரும்ல, சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சிருக்கேன்"னு அந்தம்மா சொன்னாங்க. நாலு பேரும் அப்படித்தான் வச்சிருந்தாங்க. நம்ம சனம் அப்படித்தாங்க. குடுத்தது பெரிசுன்னா அத வேலைக்கு எடுக்க மாட்டோம், கும்பிட எடுத்து வச்சுருவோம். தச்சவளுக்கோ, நாலு பேரும் போட்டுக்கிட்டு நல்லா இருக்குன்னு சொல்றாங்கன்னு நெனப்பு.

குளவி வந்தப்போ அந்த நாலு பேரும் என்ன பண்ணாங்கன்னு கேட்டேன். பார்வதி எழும்பி, மூலையில கெடந்த படங்குத் துணிய எடுத்து இடுப்புல கட்டிக் காட்டினாங்க. ஈரமும் கொப்பும் படாம இருக்கிறதுக்கு மலையில இடுப்பச் சுத்திக் கட்டுற கெட்டித் துணி இருக்கே, அதுதான். ஒரே இழுப்புல அவுத்து, தலைக்கு மேல போட்டுக் குனிஞ்சாங்க. மூச்சு விடுற நேரம் கூட ஆகல. "இப்படிப் போட்டுக்கிட்டு உக்காந்துட்டாங்க. ஒண்ணு ரெண்டு கொட்டோட தப்பிச்சாங்க. நான்தான் புள்ள தச்சது இருக்கேன்னு அதையே கட்டிக்கிட்டு நின்னேன்."

சொல்லிட்டு அவங்க அழுதாங்க. நானும் அழுதேன். கண்ணத் தொடைக்க ஹேண்ட்பேக்ல லேஞ்சியத் தேடினப்போ அந்த ஸ்டிக்கர் தாளு கீழ விழுந்துச்சு. இது என்னங்கன்னு கேட்டாங்க, சொன்னேன். குறை இருக்கிற எடத்துல ஒட்டுறதுன்னு. பார்வதி ஒரு அம்ப உரிச்சாங்க. என் கையப் பிடிச்சு இழுத்து, பொறங்கையில ஒட்டினாங்க. அப்பறம் இன்னொண்ணு உரிச்சு அவங்க பொறங்கையிலயே ஒட்டிக்கிட்டாங்க. ஆள் மேல ஒட்டக் கூடாதுன்னு படிச்சவ நான், அன்னைக்குக் கைய நீட்டிக்கிட்டு இருந்தேன்.

போறதுக்கு முந்தி அந்தத் தாள அவங்ககிட்டயே குடுத்தேன். "புள்ளகிட்ட வாயால சொல்ல வரலேன்னா விடுங்க. அடுத்தது தச்சுக் குடுத்தா மலைக்குப் போட்டுக்கிட்டுப் போங்க. எங்க இடிக்குதோ அங்க ஒண்ணு ஒட்டிக் குடுங்க. மத்தவங்களையும் ஒட்டச் சொல்லுங்க"ன்னேன். அடுத்தது தைப்பாளான்னே எனக்குத் தெரியாது. அப்போ சுகந்தி என்கூட பேசுறதே இல்ல. நான் கொப்பி எடுக்கப் போனா மொதலாளிய அனுப்பிட்டு உள்ள போயிருவா.

ஆனா பார்வதி போன் பண்ணுவாங்க. "புதுசு தச்சிருக்குங்கக்கா. நான் ஏழு ஒட்டினேன். புள்ள ஒரு நாள் பூரா மொகம் குடுத்துப் பேசல. அடுத்த நாளு ஒவ்வொண்ணா விரல் வச்சு இது ஏம்மா, இது ஏம்மான்னு கேட்டுச்சு." இன்னொரு தடவ, "பக்கத்து வீட்டு அக்கா நாலு ஒட்டிச்சு. இப்ப அதுவும் போட்டுக்கிட்டுத்தான் மலைக்கு வருது, சாமிக்கிட்ட வைக்கிறதில்ல"ன்னாங்க. அதக் கேட்ட அன்னைக்கு நான் வயிறு நெறையச் சாப்பிட்டேன்.

நீங்க கேக்கலாம், குறைய சொன்னா மனசு ஒடஞ்சு போயிருவாங்களேன்னு. ஒடையும். எனக்கும் ஒடஞ்சிருக்கு, நான் தச்ச ஸ்கூல் பேக் உறைய இதே மேசையில தண்ணி ஊத்திக் காட்டினாரு நானா, உள்ள இருந்த கொப்பியெல்லாம் நனைஞ்சு போச்சு. ரெண்டு நாள் அவரு கடைப் பக்கம் வரல நான். ஆனா ஒருத்தர் மனசு தாங்காதுன்னு நாமளா முடிவு பண்ணிக்கிறோமே, அது அவங்களச் சின்னதா நெனைக்கிறது. சுகந்திய நான் அப்படி நெனச்சுட்டேன். அது எனக்கு இன்னமும் வலிக்குது.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை, கூட்டம் பாதியில இருக்கிறப்போ சுகந்தி ஏறி வந்தா. பின்னால பார்வதி. மாடியே எழும்பிருச்சு. நானா கீழ போயி தொதல் இனிப்பும் டீயும் சொல்லிட்டு ஓடி வந்தாரு. அவ யாரையும் பார்க்காம தொப்பிய மேசையில வச்சு, அம்மாவ நாற்காலியில உக்கார வச்சு, தலையில கூடைக் கயித்த மாட்டி, ரெண்டு கையிலயும் தண்ணியத் தெளிச்சுட்டு, "குளவிம்மா"ன்னா.

பார்வதி கைய முன்னால கொண்டு போயி விளிம்புல ஒரு பட்டிய இழுத்தாங்க. அவ்வளவுதான். வலை கூடைக் கயித்துக்கும் மேல விரிஞ்சு எறங்கி, அடியில இருந்த இலாஸ்டிக் தோளச் சுத்திக் கவ்விக்கிச்சு. முடிச்சே இல்ல. இடுப்புல கட்டின படங்குத் துணிய இழுக்கிற அதே இழுப்பு.

எல்லாரும் கை தட்டுறாங்க. நானா கண்ணத் தொடைக்கிறாரு. சுகந்தி அந்தத் தொப்பிய எடுத்து நேரா என் முன்னால கொண்டு வந்து வச்சா. அந்த ஆஸ்பத்திரி பெஞ்சுக்கப்பறம் மொத தடவ என் மொகத்தப் பார்த்தா.

நான் விளிம்புலேருந்து தையல் மேல விரல ஓட்டிக்கிட்டே வந்தேன். அற்புதமா இருந்துச்சு, கட்டாயம் சொல்லணும். அடியில இலாஸ்டிக் சுத்தி வர்ற எடத்துல, பின்பக்கம், எடது தோளுக்கு நேரா, ரெண்டு விரல் நீளத்துக்குத் தையல் ஓடாம விட்டிருந்துச்சு. குளவி நொழையப் போதும். என் விரல் அங்க நின்னுச்சு. மறுபடியும் அதே எடத்துல நிக்கிறேன் பாருங்க. கை தட்டு ஓயல, பார்வதி சிரிச்ச மொகமா உக்காந்திருக்காங்க, புள்ள இப்பத்தான் திரும்பி வந்திருக்கா. இப்ப சொன்னா இன்னொரு தடவ எறங்கிப் போயிருவாளோன்னுதான் மொதல்ல தோணுச்சு. பேக்கத் தொறந்து, கடையில வாங்கி வச்சிருந்த புது ஸ்டிக்கர் தாள எடுத்தேன். ஒரு அம்ப உரிச்சு, அந்த எடத்துல ஒட்டினேன்.

கை தட்டு நின்னுபோச்சு. நானா, "ஏன் ஜெயா, இன்னைக்குமா"ன்னு மெதுவாக் கேட்டாரு.

சுகந்தி குனிஞ்சு அந்த அம்பப் பார்த்தா. அப்பறம் என் பக்கத்து நாற்காலிய இழுத்துப் போட்டு ஒட்டி உக்காந்தா. "அத வேணும்னேதான்க்கா விட்டுட்டு வந்தேன்"னா. "இன்னைக்கும் நல்லா இருக்குன்னு சொல்லியிருந்தீங்கன்னா, இனிமே ஒங்ககிட்ட ஒண்ணும் காட்டக் கூடாதுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் பஸ் ஏறினேன்."

சொல்லிக்கிட்டே சட்டைக் காலருக்கு அடியில குத்தி வச்சிருந்த ஊசிய உருவினா. விட்ட எடத்தத் தைக்க ஆரம்பிச்சா. ஊசியில நூல வீட்டுலயே கோத்துக் கொண்டு வந்திருந்தா.